தறி நின்றால் விழிக்கிறான்

ஜூன் 3, செவ்வாய்

மறந்துவிடும் என்று இதை எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்கள்தான், 'நான் எப்போ அப்படிச் சொன்னேன்?' என்று கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்டுவதற்காக எழுதுகிறேன். நூல்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி, அலமாரியில் சும்மா கிடந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கைக்கு இது போதும்.

இன்றைக்கு என் மருமகள் சுகந்தி ஈரோட்டுக்குப் படிக்கப் போனாள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் அவர்களுக்குப் பாடம் சொல்வதற்கும் ஒரு வருடப் படிப்பாம். முடித்தால் நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஊரான் பிள்ளையை வளர்க்கப் படிக்க, தன் பிள்ளையை என் இடுப்பில் ஏற்றிவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடினாள். "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு நீதானம்மா சொல்லுவே" என்று என் மகன் சென்னியப்பன் சிரிக்கிறான். தானாக வளருமாம். இங்கே ஊட்டுகிறவள் யார்?

இந்தப் படிப்பு சம்பந்தி வசந்தாமணியின் யோசனை. அவளை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று எங்கள் பக்கத்துப் பந்திக்கு வந்தபோது ஜாங்கிரி தீர்ந்துவிட்டது என்றாள். மறுவீட்டுக்குப் போனால், அவள் வீட்டுப் பரணில் ஜாங்கிரிக் கூடை, மேலே ஈரத்துணி போட்டு மூடியிருக்கிறது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பேரன் யுகேஷுக்கு இரண்டரை வயது ஆகப்போகிறது. அவனைப் பார்த்துக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சென்னியப்பன் முதன்முதலில் பேசிய சொல் எது என்று அவனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். 'கண்டு.' நூல் கண்டைக் காட்டிச் சொன்னான். அப்போது அவனுக்கு ஒன்றே கால் வயது. தை மாதம், வெள்ளிக்கிழமை, நான் ஊதாச் சேலை கட்டியிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

களி தின்றான். தூங்கினான்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் தறிக்கூடம். நான்கு விசைத்தறி. நடுவில் ஒரே சுவர். குமாரபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டு வருவார்கள், தலைவலி என்று கிளம்புவார்கள். யுகேஷ் தறிக்கூடத்து வாசற்படிக்கு உள்ளேயே பாயைப் போட்டால் கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறான். தறி ஓட ஓடத் தூங்குவான். கரண்டு போய்த் தறி நின்றால் உடனே விழிப்பான். தறிக்காரன் பிள்ளை என்றால் இதுதான். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன்.

சைகையும் பிடித்துக்கொண்டான். கூடத்தில் யார் கத்தினாலும் கேட்காது, ஆகையால் நாங்கள் கையால்தான் பேசுவோம். நூல் அறுந்தால், மூடிய இரண்டு கைமுட்டியையும் சேர்த்து வைத்து, வெடுக்கென்று பிரித்துக் காட்டுவேன். சென்னியப்பன் தறியை நிறுத்துவான். இன்றைக்கு மூன்றாம் தறியில் இழை அறுந்தபோது நான் பார்க்கும் முன்னே யுகேஷ் பார்த்துவிட்டான். இடுப்பில் இருந்தபடியே முட்டியைச் சேர்த்தான், பிரித்தான். சென்னியப்பன் ஓடிவந்து அவனுக்கு முத்தம் கொடுத்தான்.

இந்தச் சைகையெல்லாம் நான் சின்ன வயதில் என் தம்பி மாரப்பனிடம் கற்றது. அவனைப் போல் தறி ஓட்ட ஆள் கிடையாது. எந்தச் சத்தமும் அவனை ஒன்றும் செய்யாது. மாரப்பனைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சுகந்தி தறிக்கழிவுத் துணியில் விரல் பொம்மை தைத்தாள். வாத்து, யானை, கண்ணில்லாத ஒரு பூனை. அடுத்த வாரம் வகுப்பில் பாட்டுப் பாடி ஆட்டிக் காட்ட வேண்டுமாம். யுகேஷை எதிரே உட்காரவைத்து, "வாத்தக்கா வாத்தக்கா வழி விடு" என்று பாடினாள். அவன் வாத்தைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்தான். பிறகு கையை நீட்டி அவள் உதட்டைப் பிடித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் சிரிக்கவில்லை. பொம்மையைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, பகல்ல இவன் உங்ககிட்ட ஏதாச்சும் பேசறானுங்களா?"

"ஏன், அம்மாங்கறான்."

"அம்மான்னா, என்னையக் கேக்கறானுங்களா? சும்மா ம்ம்மானு சத்தம் போடறானுங்களா?"

"படிக்கப் போய் இருவது நாளாகல, என்னையப் பரிச்ச வெக்கறயா புள்ள?"

"இல்லீங்க அத்தை. ரெண்டு வயசுக்குள்ள ரெண்டு ரெண்டு சொல்லாச் சேத்துப் பேசோணும்னு வகுப்புல சொன்னாங்க. பேசலீன்னா காதக் காட்டிப் பாக்கச் சொன்னாங்க."

காது என்ற சொல்லை அவள் எடுத்ததும் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "இவனப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். எங்க பக்கத்து ஆம்பளப் பசங்க அப்படித்தான். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

சென்னியப்பன் உள்ளே வந்தான். "நானு நாலு வயசுலயாம்மா பேசினேன்?" என்றான். ஆமாம் என்றேன். "கேட்டயா? எங்கம்மாவுக்கு எதுவும் மறக்காது. உட்டுட்டு வேலையப் பாரு" என்று அவளிடம் சொன்னான்.

அவள் முகம் தெளிந்தது. இரவு எனக்குத் தைலம்கூடத் தேய்த்துவிட்டாள்.

ஜூலை 9, புதன்

மின்வாரியத்து மாதாந்திர ஷட்டவுன். எங்கள் தறி மட்டுமல்ல, தெருவே நின்றுவிட்டது. சென்னியப்பன் பாவு சுற்றிய பீம் வாங்கப் பள்ளிபாளையம் போனான். எனக்கு இந்த அமைதி பிடிக்காது. அண்டை வீட்டில் தோசை திருப்புவது கேட்கிறது.

யுகேஷ் கயிற்றுக் கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூல் கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவினேன். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

ஒரு தட்டு கை தவறி விழுந்தது. பிறகு சொம்பு கை தவறியது. பிறகு அண்டா மூடி. அது உருண்டு உருண்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டு அம்மா, "அக்கா, என்ன ஆச்சுங்?" என்று ஓடிவந்தாள். ஒன்றுமில்லை, கை வழுக்குகிறது என்றேன்.

யுகேஷ் விளையாட்டில் மும்முரமாக இருந்தான்.

அதன்பிறகு அவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை. கரண்டு வந்தும் இறக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நேற்று என் குரல் சரியாக எழும்பியிருக்காது.

ஜூலை 20, ஞாயிறு

சுகந்தி காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பத்து நிமிடம் தறியை நிறுத்தச் சொன்னாள், பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டுமாம். சென்னியப்பன் நிறுத்தினான். நிறுத்தி என்ன? பக்கத்துத் தறி ஓடுகிறது, எதிர்வீட்டுத் தறி ஓடுகிறது. அவள் யுகேஷின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினாள். அவன் திரும்பினான். "பாத்தயா!" என்றான் சென்னியப்பன். அவன் திரும்பியது கதவு திறந்து வெயில் விழுந்ததற்கு. எழுதுகிறேனே தவிர, அங்கே சொல்லவில்லை. என்னை யார் கேட்டார்கள்?

"தறி நின்னா முழிச்சுக்கறான் புள்ள. காது கேக்காதவன் எப்புடி முழிப்பான்?" என்று மட்டும் கேட்டேன்.

பிறகு நான் கொல்லையில் நின்று மூக்கைச் சிந்தினேன். ஆடிக் காற்று, தூசி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பதினெட்டு. சம்பந்தி வசந்தாமணி தன் ஊரான கோபியிலிருந்து வந்தாள். எல்லோரும் காவிரிக்குப் போய்க் குளித்தோம். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. யுகேஷ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூழ்கி எழுந்து சிரித்தான். அவன் சிரிப்புச் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல முடியாது.

சாப்பாடு போட்டேன். இலையில் எதற்கும் குறை வைக்கவில்லை, ஜாங்கிரி உள்பட. அவளுக்கு இரண்டு வைத்தேன். புரிந்துகொண்டுதான் தின்றாள். கை கழுவிவிட்டு, வெற்றிலைக்கு நடுவே கேட்டாள்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கம் யாராச்சும் பேச்சு வராதவிங்க இருந்தாங்களா?"

"எங்க பக்கம் எல்லாரும் வாயாடிங்கதாங்க."

"உங்களுக்கு ஒரு தம்பி இருக்காருன்னு யாரோ சொன்னாங்க. கல்யாணத்துக்கு வரலீங்களே?"

"அவனுக்கு அன்னைக்கு வேல இருந்துச்சுங்க" என்றேன்.

வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தேன். மாரப்பனை அம்மாவையும் என்னையும் தவிர யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருவே அவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை வைத்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர் திரும்பிப் போனார்கள். அந்த மூன்று வீட்டையும் நான் மறக்கவில்லை. எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்வேன். இதற்குமேல் எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்து யுகேஷின் நாக்கில் தடவினேன். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். முகத்தைச் சுளித்தான். நாளைக்கும் தடவ வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தடவினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சுகந்தியை ஈரோட்டில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு அனுப்பிப் பழக்குகிறார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவளே பாட்டுச் சொல்லித்தருவாளாம், சோறு ஊட்டுவாளாம், மூக்குத் துடைப்பாளாம். இன்றைக்குத் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சென்னியப்பன் டீ கொடுத்தான். அவள் வாங்கவில்லை.

"இருவது புள்ளைங்க இருக்குதுங்க. நான் சன்னமாக் கூப்பிட்டாலே இருவதும் திரும்புது. அதுல ஒண்ணு, இவனை விடச் சின்னது, 'டீச்சர், உங்க பூனைக்குக் கண்ணு எங்கே?'ன்னு கேக்குது."

"எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரியா? நானே நாலு வயசுல..."

"நாலு வயசு, நாலு வயசு! அதையே எத்தன நாளைக்குச் சொல்லுவீங்க?"

"எங்கம்மா பொய்யா சொல்லுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் யுகேஷுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். ரசம் அதிகமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன், அது அதிகமாகிவிட்டது.

"பொய்யின்னு சொல்லலீங்க" என்றாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கு அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

மத்தியானம் யுகேஷ் தறிக்கூடத்து வாசற்படியில், தரையில் தூங்கினான். சுகந்தி பக்கத்தில் படுத்தாள். அவனைப் போலவே கன்னத்தைத் தரையில் வைத்தாள். அப்படியே வெகுநேரம் கிடந்தாள். பிறகு எழுந்து, அவனை அலுங்காமல் தூக்கி, உள்ளறை உத்தரத்தில் தொங்கும் பழைய தொட்டிலில் போட்டாள். சென்னியப்பனிடம் போய்க் கையால் காட்டினாள், நிறுத்துங்கள் என்று. நான்கு தறியும் நின்றன. வீடே ஒருமுறை குலுங்கி அடங்கியது. தறி நின்றால் விழிக்கிறவன் விழிக்கவில்லை. வாயைத் திறந்தபடி தூங்கினான்.

சுகந்தி தரையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். "இது வழியாத்தானுங்க அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. அதிர்வு. கேட்டு முழிக்கல."

சென்னியப்பனும் குனிந்து தரையைத் தொட்டான். தறிதான் நின்றுவிட்டதே, இனி அங்கே என்ன இருக்கும்? ஆனாலும் தொட்டுக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா?" என்றான். அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை அவனுக்கு. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோதும் இப்படித்தான், 'ஏம்மா' என்று மட்டும் கேட்டான்.

நான் தொட்டிலை ஆட்டினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ஆஸ்பத்திரி. வசந்தாமணியும் நேராக அங்கே வந்துவிட்டாள். யுகேஷுக்குத் தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, இருட்டறையில் பார்த்தார்கள். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். என் மடி காலியாக இருந்ததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். இரண்டு காதுமே கேட்கவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டாள். முதலில் மெஷின் மாட்டிப் பார்க்க வேண்டும், அது போதாவிட்டால் ஆபரேஷன், பிறகு வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. "மூணு மாசம் முன்னாடியே சந்தேகம் வந்துச்சுன்னு சொல்றீங்க. அப்பவே வந்திருக்கலாமே? இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்" என்றாள்.

சென்னியப்பன்தான் சொன்னான்.

"நானும் நாலு வயசுலதானுங்க டாக்டர் பேசினேன். அதான் பேசிருவான்னு இருந்துட்டோம். எங்கம்மாதான் சொன்னாங்க. அவிங்களுக்கு எதுவும் மறக்காதுங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா? உங்க பையன் நாலு வயசு வரைக்கும் பேசலையா? குடும்பத்துல வேற யாருக்காவது காது கேக்காம இருந்ததா? கூடப் பொறந்தவங்க?"

ஒரு பக்கம் சுகந்தி. ஒரு பக்கம் வசந்தாமணி. எதிரே என் மகன், என்னை நம்பிக்கொண்டு. தை மாதம், வெள்ளிக்கிழமை, ஊதாச் சேலை, நூல் கண்டு. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. மாரப்பன் கிணற்றடியில் நின்று, நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நின்றதும் வந்தது.

"எனக்கு ஞாபகமில்லைங்க" என்றேன்.

"ஞாபகமில்லையா?" என்றாள் வசந்தாமணி. "ஒரு ஜாங்கிரிய அஞ்சு வருசமா மறக்கல நீங்க."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா, "பரவால்லை, வயசானவங்க" என்று எதையோ எழுதிக்கொண்டாள்.

என்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 12, வெள்ளி

சென்னியப்பன் என்னோடு பேசவில்லை என்று சொல்லமுடியாது. சாப்பிடும்மா என்றான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிள்ளைக்கு மெஷின் மாட்டியாயிற்று. அமைதியான வீட்டில் வைத்து, முகத்துக்கு எதிரே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசவேண்டுமாம். தறிச் சத்தத்தில் மெஷின் போட்டால் அவனுக்கு இரைச்சலைத் தவிர எதுவும் விளங்காதாம். மெஷினோடு தறிக்கூடத்து வாசலில் விட்டபோது காதைப் பிய்த்துக்கொண்டு அழுதான். இந்த வாசலில் அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

தறியை நிறுத்தினால் சோறு இல்லை. அதனால் சுகந்தியும் யுகேஷும் கோபிக்குப் போகிறார்கள். அங்கே சுற்றிலும் வயல், வாழைத்தோப்பு. சுகந்தி அங்கிருந்தே ஈரோட்டுக்குப் படிக்கப் போவாள். இனி இந்தப் படிப்பை விடமாட்டாளாம், இவனுக்காகவே முடிப்பாளாம். அவள் போனபிறகு பகலில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசப்போகிறவள் வசந்தாமணி.

நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "தறிக்கு யாரும்மா கண்டு சுத்துவாங்க?" என்றான் சென்னியப்பன். உண்மைதான்.

வசம்பைத் துணியில் முடிந்து கொடுத்தேன். சுகந்தி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தடவமாட்டாள், தெரியும். பஸ் நிறுத்தத்தில் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கும்போது,

"நாலு வயசுன்னு சொன்னீங்களே அத்தை..." என்று ஆரம்பித்தாள்.

நான் காத்திருந்தேன். அவள் முடிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது. இத்தனைக்கும் அதில் கூட்டமே இல்லை, கொஞ்ச நேரம் நின்றுகூடப் போயிருக்கலாம்.

அக்டோபர் 8, புதன்

ஷட்டவுன். தெருவே நின்றுவிட்டது. தட்டெல்லாம் கழுவி ஒவ்வொன்றாக மெதுவாக அடுக்கினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோபியில் இருப்பவர்களை முகம் பார்த்துப் பேச, சென்னியப்பன் போனில் படம் போட்டுக் கொடுத்தான். இன்றைக்குச் சுகந்தியிடம் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்தே நினைத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட வைத்திருந்தேன். ஏம்புள்ள, சென்னியப்பன் இருக்கானே, அவன் ஒன்றேகால் வயசில், என்று.

சுகந்தி அங்கே இல்லை. ஏதோ சாமான் செய்ய அட்டை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாளாம். வசந்தாமணியின் மடியில் யுகேஷ் இருந்தான். இரண்டு காதிலும் மெஷின். முடி வெட்டிவிட்டிருக்கிறார்கள். அவள் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, "அப்பத்தா! அப்பத்தா பாரு!" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை, இருமுறை, அலுக்காமல். அவள் சொல்வது எனக்கே ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"மெலிஞ்சுட்டீங்க சம்பந்தி" என்றாள் என்னிடம். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

யுகேஷ் என்னைப் பார்த்துவிட்டான். போனுக்குக் கிட்டே வந்தான். அவன் மூக்கும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. பிறகு பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்தான். வெடுக்கென்று பிரித்தான். மறுபடியும் சேர்த்தான், பிரித்தான்.

"என்னுங்க அது, அடிக்கடி இப்படியே பண்றான்? எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள் வசந்தாமணி.

நான் எழுந்து தறிக்கூடத்துக்குள் ஓடினேன். ஒவ்வொரு தறியாகக் குனிந்து பார்த்தேன். நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது போனில் படம் போய்விட்டிருந்தது.